கட்டுச்சோறும் திருநெல்வேலி ரோடும்

துவரங்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால், லாரிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு வேப்பமர நிழல் பார்த்து வண்டியை ஓரங்கட்டி, பின்கதவைத் தூக்கிவிட்டு, ஹாட்பேக்கைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் முழுக்க நீர் கோத்து நின்றது. உள்ளே தேங்காய் சாதம். கரண்டியை விட்டுக் கிளறினால் சோறு உதிராமல் இழுபட்டது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனதும் குப்பென்று ஒரு வாடை. நூல் விட்டிருந்தது. 2017 பங்குனி அது, மணி பதினொன்றரை, பின்சீட்டில் பசியோடு இரண்டு பிள்ளைகள், நான்கு பேருக்கு மதியத்துக்கு என்று நான் கட்டிக்கொண்டு வந்ததே அந்த ஒரு பாத்திரம்தான்.

"விடு, மதுரையில் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். எனக்குத்தான் ஆறவில்லை. தெரியாமல் செய்திருந்தால் பரவாயில்லை. என் ஆச்சி இதை எனக்கு ஒரு தடவையா சொல்லியிருக்கிறாள்? "ஏட்டி, ஆறாம எதையும் மூடாத. சோறு வேர்த்துச்சுன்னா வீணாப் போயிரும்." சோறு எப்படி வேர்க்கும் என்று சின்ன வயதில் சிரித்திருக்கிறேன். அந்த மூடியைப் பார்த்தபோதுதான் அவள் சொன்ன வேர்வை கண்ணில் பட்டது. அதிகாலை மூன்றரை மணிக்கு எழுந்த அவசரத்தில், குக்கரிலிருந்து இறக்கிய சோற்றில் தேங்காயைத் தாளித்துக் கொட்டிக் கிளறி, ஆவி பறக்கப் பறக்க ஹாட்பேக்கில் போட்டு, சூடு போகக்கூடாது என்று இறுக மூடி, அதற்கு மேல் ஒரு துண்டையும் சுற்றிக் கட்டியிருந்தேன். கெட்டுப்போவதற்கு வேறு என்ன வேண்டும்.

எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். பங்குனி உத்திரத்துக்கு நெல்லைக்காரர்கள் எங்கே இருந்தாலும் அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போயாக வேண்டும். எங்கள் சாஸ்தா அம்பாசமுத்திரம் பக்கம். நாங்கள் இருந்தது தாம்பரத்தில். அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். 1995 இல் அப்பா செகண்ட் ஹேண்டில் ஒரு மாருதி ஆம்னி வாங்கினார். அதுவரை பஸ்ஸிலும் ரயிலிலும் போன குடும்பம், அதற்கப்புறம் வருஷம் தவறாமல் அந்த வேனில்தான் போனது. அப்பா, அம்மா, ஆச்சி, நான், தம்பி, சித்தப்பா குடும்பம் நான்கு பேர் என்று மொத்தம் ஒன்பது தலை. அவ்வளவு பேரை ஏற்றியது இன்று நினைத்தால் பகீரென்கிறது, யாரும் அப்படிச் செய்யாதீர்கள். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய வசதி.

அப்போது இந்த நாலு வழிச் சாலை எல்லாம் கிடையாது. திருச்சி வரை 45, திருச்சியிலிருந்து மதுரைக்கு 45பி, மதுரைக்கு அப்பால் 7 என்று மைல்கல்லில் நெடுஞ்சாலை எண் போட்டிருக்கும். இப்போது அந்த எண்களும் மாறிவிட்டன, மதுரை தாண்டினால் 44. எதிரே பஸ் வந்தால் மண்ணில் இறங்கி ஏற வேண்டிய ரோடு. விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால் ஊர் போய்ச் சேர ராத்திரி ஏழு, எட்டு ஆகும். பதினைந்து மணி நேரத்துக்கு ஒன்பது வயிற்றை நிரப்ப வேண்டும். வழியெல்லாம் ஓட்டலில் உட்கார்த்திச் சாப்பாடு வாங்கித்தரும் வசதி அப்பாவின் சம்பளத்துக்கு இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அப்போது அதை யாரும் அப்படிச் சொன்னதில்லை. "வெளிச் சாப்பாடு வயித்துக்கு ஆவாது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆகவே கட்டுச்சோறு. இதில் ஆச்சி வைத்ததுதான் சட்டம். அம்மா நன்றாகச் சமைப்பாள். ஆனால் வழிக்குச் சமைப்பதை மட்டும் ஆச்சி யாரையும் தொட விடமாட்டாள். வீட்டில் சாப்பிடச் சமைப்பது வேறு, வழிக்குச் சமைப்பது வேறு என்பாள். வீட்டில் என்றால் இறக்கின சூட்டோடு என்ன ருசி என்று பார்த்தால் போதும். வழிக்கு என்றால் ஏழு மணி நேரம் கழித்து, ஆறி, வண்டியில் குலுங்கி, வெயிலில் காய்ந்த பிறகு என்ன ருசி என்று யோசித்துச் செய்ய வேண்டும். அதனால் உப்பு ஒரு பொட்டு கூடுதலாகப் போடுவாள். ஆறின சோற்றில் உப்பு உறைக்காது என்று காரணம் சொல்வாள். சூட்டில் ருசி பார்த்தால் லேசாகக் கரிக்கிற மாதிரி இருக்கும். மதியம் சாப்பிடும்போது சரியாக நிற்கும். நான் பலமுறை சோதித்துவிட்டேன், அவள் சொன்னதுதான் சரி.

புளியோதரைக்கு வேலை முந்தின நாள் மத்தியானமே ஆரம்பமாகிவிடும். அரைக் கிலோ அரிசிக்கு 100 கிராம் பழம்புளி. புதுப்புளி கூடாது, கறுத்துக் கிடக்கும் பழையது வேண்டும். வெந்நீரில் ஊறவைத்துத் திக்காகக் கரைத்துக்கொள்வாள். இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய், கிட்டத்தட்ட 100 மில்லி, பார்க்கிறவர்கள் பயப்படுகிற அளவு. கடுகு, கடலைப்பருப்பு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை, கட்டிப் பெருங்காயம், மஞ்சள், அதற்கப்புறம் புளிக்கரைசல். கல் உப்பு போட்டு அடுப்பைத் தணித்துவிட்டால் முக்கால் மணி நேரம் அவள் அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள். முதலில் தளதளவென்று கொதிக்கும், பிறகு சேறு மாதிரி பொட்டுப் பொட்டென்று வெடிக்கும், கையில் தெறித்தால் சுடும், கடைசியில் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து கண்ணாடிபோல் மிதக்கும். அந்த எண்ணெய் மேலே வராமல் அடுப்பை அணைக்கக்கூடாது. இறக்கும்போது ஒரு நெல்லிக்காய் அளவு வெல்லம், தனியாவும் வெந்தயமும் எள்ளும் வறுத்துப் பொடித்தது ஒன்றரைக் கரண்டி. இந்தப் புளிக்காய்ச்சல் ஈரமில்லாத பாட்டிலில் இருந்தால் ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் கிடக்கும். தண்ணீர் வற்றிப்போய் புளிப்பும் உப்பும் எண்ணெயும்தான் மிச்சம் இருக்கின்றன, கிருமிக்கு அதில் பிழைப்பு ஏது.

சோறுதான் பிரச்சினை. ஆச்சி குக்கர் சோற்றை வழிக்கு எடுக்கவே மாட்டாள். பழைய அரிசியாகப் பார்த்து, பானையில் நிறையத் தண்ணீர் விட்டு, முக்கால் பதத்துக்கு மேல் ஒரு பொட்டு வெந்ததும் கஞ்சியை வடித்துவிடுவாள். கஞ்சி போனால் பசை போச்சு, பருக்கை பருக்கையாக நிற்கும். அதைப் பெரிய தாம்பாளத்தில் கொட்டி, அகப்பைக் காம்பால் மலர்த்தி, மேலே நல்லெண்ணெய் தெளித்து, ஓலை விசிறியால் வீசுவாள். அந்த விசிறி வேலை எனக்கு. ராத்திரி இரண்டரை மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், ஒரு கையால் கொட்டாவியை மூடிக்கொண்டு இன்னொரு கையால் சோற்றுக்கு விசிறிய ஆள் நான். புறங்கையைச் சோற்றின் மேல் வைத்துப் பார்ப்பாள், கொஞ்சமும் சுடக்கூடாது. அதற்கப்புறம்தான் புளிக்காய்ச்சல் கலக்கும் வேலை. கலந்த பிறகும் அரை மணி நேரம் திறந்துதான் கிடக்கும், மேலே ஒரு மெல்லிய வெள்ளைத் துணி மட்டும்.

இதில் இருக்கும் காரணத்தை நான் துவரங்குறிச்சிக்கு அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கும். அதன் வித்துகள் சோறு கொதிக்கிற சூட்டிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக, ஈரமாக, மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் ஒரு நச்சு வாந்தியைக் கொண்டுவரும், அதைத் திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. ஹாட்பேக் என்பது ஓரிரு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டியதற்கு நல்லது. ஏழு மணி நேரப் பயணத்துக்கு, மெதுவாக ஆறிக்கொண்டே வரும் சோற்றுக்கு, அதைவிட மோசமான பாத்திரம் இல்லை. அதிலும் தேங்காய் சேர்த்தது. தேங்காயில் ஈரமும் உண்டு, இனிப்பும் உண்டு, புளிப்பு துளிகூட இல்லை. புளியோதரையை அதன் புளி காப்பாற்றும், எலுமிச்சை சாதத்தையும் அதன் புளிப்பு ஓரளவு காப்பாற்றும். தேங்காய் சாதத்துக்கு யாரும் துணை இல்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் அதை நம்பாதீர்கள். சாம்பார் சாதமும் அப்படித்தான், வெங்காயம் போட்ட உருளைக்கிழங்கு மசாலும் அப்படித்தான். அவசரமாக ஆற்ற வேண்டுமென்றால் அகலமான தட்டும் ஃபேனும் போதும். அதற்காக முந்தின இரவே வடித்து விடியும்வரை வெளியே போட்டுவைப்பது இன்னும் ஆபத்து.

ஆச்சியின் மூட்டையில் ஒரு வரிசை உண்டு. முதலில் கெடுவது முதலில் வெளியே வரும். காலை ஏழரைக்கு, திண்டிவனம் தாண்டி எங்கேயாவது, இட்லி. ஆறவைத்து, இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி, வாட்டிய வாழையிலையில் ஆளுக்கு நாலு என்று பொட்டலம். இலையை அடுப்பில் காட்டி வாட்டினால் பச்சை கறுத்துப் பளபளவென்று துணி மாதிரி மடங்கும், கிழியாது. வெளியே செய்தித்தாள் சுற்றுவோம். இலை கிழிந்தால் அந்த மை இட்லியில் படும், அதனால் இரண்டு இலை வைப்பாள் அம்மா. இப்போது நான் செய்தித்தாளை விட்டுவிட்டேன், சுத்தமான துணிதான். சட்னி கிடையாது. தேங்காய்ச் சட்னியை வழிக்குக் கொண்டுபோவது என்பது ஆச்சியின் கணக்கில் புத்தி கெட்ட வேலை.

மதியம் புளியோதரை. அதற்கு வறுத்த நிலக்கடலையைத் தனியாக ஒரு சின்னச் சம்படத்தில் வைத்திருந்து சாப்பிடும்போதுதான் மேலே தூவுவாள், கலந்தே வைத்தால் நமுத்துப்போகும். தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் கூழ்வற்றலும். அதற்கப்புறம் தயிர்சாதம். தயிர்சாதத்தில் ஒரு வித்தை: காலையில் தயிரையே ஊற்றிப் பிசைந்தால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். குழைய வேகவைத்து ஆறின சோற்றில் காய்ச்சி ஆறின பாலைத் தாராளமாக விட்டு, தயிர் ஒரே ஒரு ஸ்பூன், உறைமோர் மாதிரி, அவ்வளவுதான். வண்டி போய்க்கொண்டே இருக்கும், உள்ளே அது தயிராகிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டரை மணிக்குத் திறந்தால் அப்போதுதான் உறைந்த தயிரின் வாசம். வெள்ளரிக்காய், வெங்காயம் எதுவும் வேண்டாம், இஞ்சியும் கறிவேப்பிலையும் தாளித்தால் போதும்.

ஒரு வருஷம் இதுவும் காலைவாரியது. ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். அம்மா தயிர்சாதத் தூக்குவாளியை முன்சீட்டுக்கு நேர் பின்னால், கால் வைக்கிற இடத்தில், சிந்தாது என்று அணைத்து வைத்துவிட்டாள். தகரம் அடியிலிருந்து சுட்டுக்கொண்டே வந்திருக்கிறது. பெரம்பலூர் வரும் முன்னமே புளித்து மேலே தண்ணீர் விட்டுவிட்டது. அப்பா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணை இறுக மூடித் திறந்து, "மோரா கரைச்சுக் குடு" என்றார். கரைத்து, உப்புப் போட்டு, அவர் ஒருவர்தான் குடித்தார். அதிலிருந்து சாப்பாட்டுக் கூடை நடுசீட்டுக்கு அடியில்தான் போகும். இன்றைய கார்களில் இன்ஜின் சூடு இல்லை, ஆனால் பின்கண்ணாடி வழியாக வெயில் நேராக விழுகிற இடம் உண்டு. அங்கே சாப்பாட்டை வைக்காதீர்கள். ஏசி காற்று வருகிற இடமாகப் பார்த்துக் காலடியில் வையுங்கள்.

வண்டி ஓட்டுகிறவருக்குத் தனிக் கணக்கு. அப்பா மதியத்தில் பாதி வயிறுதான் சாப்பிடுவார். புளியோதரை எண்ணெய், மேலே தயிர்சாதம், பங்குனி வெயில், மூன்றும் சேர்ந்தால் ஸ்டியரிங்கிலேயே கண் சொக்கும். அவருக்கான மிச்சப் பங்கை அம்மா தனியே எடுத்து வைத்து மதுரை தாண்டி டீ குடிக்க நிறுத்தும்போது கொடுப்பாள். எங்கள் வீட்டில் இன்றும் ஓட்டுகிறவருக்கு மத்தியானம் அரைப்பங்குதான்.

நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டதெல்லாம் புளியமரத்தடியில். பழைய ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரம்தான், மேலே கிளைகள் கோத்துக்கொண்டு குகை மாதிரி இருக்கும். அடிமரத்தில் வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டை, அதில் கறுப்பில் எண். அந்த மரங்களின் புளியை நெடுஞ்சாலைத் துறை ஏலம் விடும் என்று அப்பா சொன்னபோது, "அப்ப நாம திங்கதே ரோட்டுப் புளிதானோ" என்று ஆச்சி கேட்டாள். கயத்தாறு வந்ததும் அப்பாவுக்கு இன்னொரு புளியமரக் கதை உண்டு. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கில் போட்டது அங்கே ஒரு புளியமரத்தில். வருஷா வருஷம் அதே இடத்தில் அதே குரலில் சொல்வார். தம்பி முன்கூட்டியே தேதியை முணுமுணுப்பான்.

சாலை அகலமானபோது அந்த மரங்கள் போய்விட்டன. மரம் போனதில் அப்பாவுக்கு வருத்தம், பதினைந்து மணி நேரம் பத்து மணி நேரமாகக் குறைந்ததில் சந்தோஷம், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். இப்போது நிழலைக் கண்டதும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் போகும் ரோட்டின் ஓரத்தில் பாய் விரிப்பது தற்கொலைக்குச் சமம். லாரி நிறுத்துமிடம், பெட்ரோல் பங்க், இல்லையென்றால் சர்வீஸ் ரோட்டில் இறங்கி ஏதாவது ஊரின் கோயில் வாசல். எனக்குக் கோயில் வாசல்தான் பிடிக்கும். நிழல் இருக்கும், தண்ணீர்க் குழாய் இருக்கும், மிஞ்சினதைக் கொடுக்க ஒரு நாயாவது நிற்கும்.

இதையெல்லாம் நான் எப்போதும் ரசித்தேன் என்று சொன்னால் பொய். பதினான்கு வயதில் எனக்கு அந்தக் கட்டுச்சோறு பெரிய அவமானமாக இருந்தது. விராலிமலைக்குப் பக்கத்தில் மரத்தடியில் பாய் விரித்து, ஆச்சி தூக்குவாளியைத் திறந்து உருட்டிக் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு டூரிஸ்ட் பஸ் டயர் பஞ்சராகி எங்களுக்கு எதிரே வந்து நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், என் வயதுப் பெண்கள், ஜன்னல் வழியாக எங்களையே பார்க்கிறார்கள். எங்கள் வேன் கதவில் காய்ந்துகொண்டிருந்தது சித்தப்பாவின் ஈர வேட்டி. எனக்குப் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா ஒரு தடவை கூப்பிட்டாள். ஆச்சி, "விடு, பசிச்சா திம்பா" என்றாள்.

மேலூர் தாண்டும்போது பசி தாங்கவில்லை. எல்லாரும் கண் அயர்ந்திருந்தார்கள். சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சத்தம் வராமல் சம்படத்தின் மூடியைத் திறந்து, ஆறிப்போன புளியோதரையை விரல்நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தின்றேன். எண்ணெயும் புளியும் சோற்றுக்குள் நன்றாக இறங்கி, ஒவ்வொரு பருக்கையும் உறைத்தது. அடியில் ஒரு வற்றல் மிளகாய், ஊறி மெத்தென்று. அதுவரை சாப்பிட்ட எந்தப் புளியோதரைக்கும் அந்த ருசி இல்லை, பசி ஒரு காரணம், மறைத்துத் தின்றது இன்னொரு காரணம். கூழ்வற்றல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, முன்வரிசையில் தூங்குவதாக நான் நினைத்த ஆச்சி, திரும்பிப் பார்க்காமலேயே வற்றல் டப்பாவைத் தோளுக்கு மேலாக நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் அதைப் பற்றிக் கடைசிவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வழியில் எதுவும் வாங்கவே மாட்டோம் என்றில்லை. சாத்தூரில் காராச்சேவும் வெள்ளரிப்பிஞ்சும், கோவில்பட்டியில் கடலைமிட்டாய். கரிசல் மண்ணில் விளைந்த கடலைக்கு ஒரு தனி ருசி என்று அப்பா அடித்துச் சொல்வார். 2020 இல் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தன் பிள்ளை பாஸான மாதிரி எல்லாருக்கும் ஃபோன் பண்ணினார். திரும்பி வரும்போது கணக்கு தலைகீழ். அல்வா, சித்தி கட்டிக்கொடுக்கும் முந்திரிக்கொத்து, எள்ளுப்பொடி என்று வேன் நிறைய கெடாத பண்டங்கள்தான். முந்திரிக்கொத்தில் பெயருக்குத்தான் முந்திரி, உள்ளே வறுத்த சிறுபயறும் வெல்லப்பாகும். இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். இருக்க விட்டால்தானே.

தம்பிக்கு வண்டி ஒத்துக்காது. செங்கல்பட்டு வரும் முன்னமே முகம் வெளுக்கும். ஆச்சி கிளம்பும்போதே வாயில் ஒரு துண்டு உப்பு நார்த்தங்காயைத் திணித்துவிடுவாள், கையில் எலுமிச்சம்பழம். அதைவிட உதவியது, அவனை நடுவில் நேராக ரோடு தெரிகிற மாதிரி உட்கார வைத்தது என்று இப்போது தோன்றுகிறது. என் மகளுக்கும் அதே கோளாறு. வெறும் வயிற்றோடு கூட்டிப்போவது தப்பு, வயிறு முட்டக் கொடுப்பதும் தப்பு, ஒன்றரை இட்லி போதும். ஓடுகிற வண்டியில் ஃபோனைப் பார்க்கக்கூடாது என்பதில் மட்டும் நான் கறார். கவர் ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எங்கேயோ பெட்டிக்குள் இருக்கிற கவர் இருந்தும் பயனில்லை, அனுபவித்துச் சொல்கிறேன்.

குப்பை விஷயத்தில் அன்றைக்கு எங்களுக்குக் கவலையே இல்லை. இலையை மாடு தின்றுவிடும். நடுவில் சில வருஷங்கள் நானும் எல்லாரையும் போல பிளாஸ்டிக் தட்டு, தெர்மாகோல் கிண்ணம் என்று அலைந்தேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதெல்லாம் தடை ஆனபோது, திரும்ப வாழையிலைக்கே வந்தேன். பழைய எவர்சில்வர் சம்படங்களையும் பரணிலிருந்து இறக்கினேன். கை கழுவ ஒரு ஐந்து லிட்டர் கேன், குடிக்க வேறு கேன், இரண்டையும் கலக்கக்கூடாது. புளியோதரை எண்ணெய்க் கையைக் கழுவ ஒரு சின்ன டப்பாவில் கடலைமாவு கொண்டுபோனால் தண்ணீர் மிச்சமாகும். இது அம்மாவின் கண்டுபிடிப்பு, ஆச்சியின் பட்டியலில் இல்லாத ஒன்று. அம்மா அதை மறக்காமல் சொல்லச் சொல்வாள்.

ஆச்சி 2009 இல் போய்ச் சேர்ந்தாள். ஆம்னியை அதற்கு முன்னமே விற்றாயிற்று. பிறகு சில வருஷம் ரயில், சில வருஷம் போகவே இல்லை, நான் வண்டி ஓட்டப் பழகிய பிறகு மறுபடி ஆரம்பித்தோம். முதல் பயணத்திலேயே தேங்காய் சாதம் நூல் விட்ட கதைதான் மேலே சொன்னது. அன்று மேலூரில் ஒரு சின்னக் கடையில் பரோட்டாவும் ஆம்லெட்டும் சாப்பிட்டோம். பிள்ளைகளுக்கு அதுதான் அந்தப் பயணத்திலேயே சிறந்த சாப்பாடு, இன்றும் கேட்பார்கள். எனக்கு வருத்தம்தான், ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டுமே, பரோட்டா நன்றாகத்தான் இருந்தது.

போன பங்குனிக்கு நான் ஆச்சி செய்த மாதிரியே செய்து பார்த்தேன். முந்தின நாளே புளிக்காய்ச்சல், அதில் எண்ணெய் பிரிகிற வரை நகரவில்லை. ராத்திரி இரண்டரைக்கு சோறு வடித்துத் தாம்பாளத்தில் மலர்த்தி, ஃபேனுக்கு அடியில் வைத்தேன். அது போதும்தான், இருந்தாலும் மகளை எழுப்பி ஓலை விசிறியையும் கையில் கொடுத்தேன். "ஃபேன் ஓடுதே, இது எதுக்கும்மா?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. இரண்டு நிமிஷம் வீசிவிட்டு சோபாவில் போய்த் தூங்கிவிட்டாள். புறங்கையை வைத்துப் பார்த்தேன், சுடவில்லை. கலந்தேன். மூடவில்லை.

மதியம் ஒரு மணிக்கு, மேலூருக்கு முன்னால் ஒரு அம்மன் கோயில் வாசலில் திறந்தபோது மூடியில் ஒரு பொட்டு நீர் இல்லை. நான்கு பேரும் சாப்பிட்டு, கோயிலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்கும் ஒரு இலை கொடுத்தோம். ராத்திரி ஊருக்குப் போனதும் சித்தி முதலில் கூடையைத்தான் பிரித்தாள். பாட்டிலில் மிச்சமிருந்த புளிக்காய்ச்சலைச் சுண்டுவிரலால் தொட்டு, உள்ளங்கையில் வைத்து நக்கினாள். ஒரு நிமிஷம் ஒன்றும் சொல்லவில்லை.

"உப்பு ஒரு பொட்டு கூடுதல்" என்றாள். அப்புறம் மூடியைத் திருகி பாட்டிலை அலமாரியில் வைத்துக்கொண்டே, "வழிக்குன்னா அப்படித்தான் இருக்கணும்" என்றாள்.